இறுகிய போல்ட்டை உடைப்பது முதலாளியின் அவசரமே

நமது வர்த்தகர்களில் பலருக்கு முதலீட்டில் பாதி கடையில் இருக்கிறது, மறு பாதி லொறியில் இருக்கிறது. மரக்கறியோ, மீனோ, சீமெந்தோ, எதை ஏற்றினாலும் சக்கரம் சுழன்றால்தான் காசு. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் பரவலாகத் திறக்கப்பட்டது. திறந்த பின்னரும் வரியும் டொலர் விலையும் சேர்ந்து புதிய லொறியைச் சிறு வியாபாரிக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டன. ஆகவே இருபது, முப்பது வருடம் ஓடிய கென்டரையும் எல்ஃபையும் டாட்டாவையும் பழுதுபார்த்து ஓட்டுவதே நம்மில் பெரும்பாலோரின் வழியாக இருக்கின்றது. அந்த வழியில் அடிக்கடி கையைக் கடிக்கும் ஒரு சின்னச் சாமானைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறேன். அது எக்சோஸ்ட் மெனிஃபோல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்.

பாரத்தோடு கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும் டீசல் என்ஜினின் எக்சோஸ்ட் சூடு 500 பாகை செல்சியஸைத் தாண்டும். இரவில் லொறியை நிறுத்தினால் எல்லாம் குளிர்ந்துவிடும். இப்படித் தினமும் சூடேறுவதும் ஆறுவதுமாக வருடக்கணக்கில் நடக்கும்போது போல்ட்டின் மரைக்குள் கறள் பிடித்து, போல்ட்டும் ஹெட்டும் ஒன்றாகிவிடுகின்றன. கடற்கரை ஊர்களில் ஓடும் லொறிகளுக்கு உப்புக் காற்று வேறு. அத்தோடு, மெனிஃபோல்ட் ஹெட்டை விட அதிகம் சூடாவதால் அதைவிடக் கூடுதலாக நீளுகிறது. அந்த இழுவையை அதிகம் தாங்குவது இரண்டு அந்தத்திலும் உள்ள போல்ட்டுகள். பெரும்பாலும் முதலில் உடைவதும் அவைதான்.

இனி நமது கராஜ்களில் நடப்பதைப் பாருங்கள். காலையில் லொறியைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். "கெஸ்கட் மாத்துற வேலைதானே பாஸ், எவ்வளவு?" என்று மொத்தமாக ஒரு தொகை பேசுகிறோம். "பகலைக்கு ஹயர் ஒண்டு இருக்கு, கெதியா முடிச்சுத் தாங்க" என்று பக்கத்திலேயே நிற்கிறோம். கொந்தராத்துப் பேசிய பாஸுக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் நஷ்டம். அவர் என்ன செய்வார்? ஸ்பெனருக்கு நீளக் குழாயை மாட்டி ஒரே இழுவையாக இழுப்பார். போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும், உடல் ஹெட்டுக்குள் நின்றுவிடும். பழி பாஸின் தலையில் விழும். ஆனால் அந்த போல்ட்டை உடைத்தது முதலாளியின் அவசரம் என்பதே என் கருத்து.

இந்த வேலைக்கு வேண்டியது பலமல்ல, நேரம். முதல்நாள் பின்னேரமே லொறியை விட்டு, என்ஜின் ஆறி இளஞ்சூடாக இருக்கும்போது கம்பி பிரஷ்ஷினால் துப்புரவாக்கி, கறள் இளக்கும் எண்ணெயை அடித்து இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். காலையில் மீண்டும் ஒருமுறை அடிக்க வேண்டும். போல்ட்டின் தலையில் சுத்தியலால் அளவாகத் தட்டினால் கறளின் பிடி தளரும். பன்னிரண்டு முனைச் சொக்கட் தலையைத் தேய்த்துவிடும். ஆறு முனைச் சொக்கட்டே பொருத்தம். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்பி, இப்படி முன்னும் பின்னுமாகவே வெளியே எடுக்க வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் கேஸ் சுவாலையால் போல்ட்டின் தலையை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி, தானாக ஆறவிட வேண்டும். விரிந்து சுருங்கும்போது கறள் வெடிக்கும். சூடு சற்றுத் தணிந்ததும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். தண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது. வார்ப்பிரும்பு ஹெட் வெடித்தால் கதை முடிந்தது. நெருப்பைக் கொண்டுவருமுன் மிச்ச எண்ணெயைத் துடைப்பதும், டீசல் குழாய்களைக் கழற்றியோ மறைத்தோ வைப்பதும், தீயணைப்புக் கருவியைப் பக்கத்தில் வைப்பதும் கட்டாயம்.

இத்தனைக்குப் பிறகும் உடைந்தால், துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. பெட்டரியைக் கழற்றிவிட்டு, ஒரு நட்டை அதன்மேல் வெல்டிங் வைத்துத் திருப்பலாம். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். ஹெட்டின் மட்டத்தோடு உடைந்தால்தான் சங்கடம். சரியான நடுவில் துளையிட வேண்டும். அவசரத்தில் ஈஸி அவுட்டைப் போட்டு முறுக்கி அதுவும் உள்ளே உடைந்தால், அந்தக் கடின இரும்பைச் சாதாரண ட்ரில் தின்னாது. அதன் பிறகு ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

கணக்குப் பார்ப்போம். லொறியின் ஒருநாள் உழைப்பு 15,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பொறுமையாகச் செய்ய ஒருநாள் கூடுதலாக நின்றால் நஷ்டம் 15,000. ஹெட் கழன்று நான்கு நாள் நின்றால் உழைப்பில் மட்டும் 60,000. ஹெட் கெஸ்கட், லேத் கூலி, பாஸின் கூலி எல்லாம் அதற்கு மேல். எது இலாபம்?

"சாமான் அழுகிப்போகும், லொறியை எப்படி நிறுத்துவது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மெனிஃபோல்ட் ஒழுக்கு பெரும்பாலும் ஒரே இரவில் வருவதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது "டிக் டிக்" என்ற சத்தம், மெனிஃபோல்ட் பொருந்தும் இடத்தில் கரிக்கோடு, டர்போ லொறியில் இழுவைக் குறைவு என்று முன்கூட்டியே அறிவிக்கும். அறிவிப்பு வந்தவுடன் வேலை குறைந்த நாளை நாமே தெரிவு செய்யலாம். தள்ளிப்போட்டால் அந்த நாளை லொறி தெரிவு செய்யும். புகை கெபினுக்குள் வருமானால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. அதிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. என்ஜினை ஓடவிட்டு உள்ளே தூங்கும் டிரைவரின் உயிருக்கே அது ஆபத்து.

திரும்பப் பூட்டும்போதும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய போல்ட்டைத் துடைத்துப் பூட்டுவதும், சாதாரண ஹாட்வெயார் போல்ட் போடுவதும் அடுத்த நஷ்டத்துக்கு வைக்கும் முற்பணம். பஞ்சிகாவத்தையில் அந்த என்ஜினுக்குரிய போல்ட்டையே கேட்டு வாங்குங்கள். மெனிஃபோல்ட்டின் முகம் வளைந்திருந்தால் லேத்தில் மட்டப்படுத்தி, புதிய கெஸ்கட் போட்டு, மரைக்குச் சூடு தாங்கும் அன்டி சீஸ் பூசி, நடுவிலிருந்து இரு பக்கமாகப் படிப்படியாக இறுக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஒரு வேலைக்காவது பாஸுக்குக் கொந்தராத்துப் பேசாமல் நாட்கூலி பேசுங்கள். கடையில் நாம் நிறுவையில் நியாயம் பார்க்கிறோம். கராஜில் நேரத்திலும் அதைப் பார்த்தால் பாஸுக்கும் நஷ்டமில்லை, நமது லொறிக்கும் நஷ்டமில்லை.