பந்திகொக்கு



சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. ஆஸ்திரேலிய விலங்குகளைப் பற்றிய பகுதியில், வயிற்றில் பையும் நீண்ட மூக்கும் உள்ள ஒரு குட்டிப் பிராணியின் படத்தைப் போட்டு, அடியில் ‘பெருச்சாளி’ என்று அச்சிட்டிருந்தோம். ‘பாண்டிகூட்’ என்று அகராதியில் தேடினால் பெருச்சாளி என்றுதான் இருக்கிறது. உதவி ஆசிரியர் அகராதியை நம்பினார். நான் அவரை நம்பினேன்.

இதழ் கடைக்குப் போன நாலாம் நாள் ஜெயமங்கலத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. “அந்தப் படத்தில் இருப்பது பெருச்சாளி என்றால், அறுபது வருஷமாக என் நெல்லைத் தின்று வருவது எது?” எழுதியவர் விவசாயி. மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி இன்னொரு வரி: “எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். பெருச்சாளியைப் பந்திகொக்கு என்போம். நீங்கள் போட்ட இங்கிலீஷ் பெயர் அதே மாதிரி காதில் விழுகிறதே, அது எப்படி?”

எனக்குத் தெலுங்கு தெரியாது. பந்தி என்றால் இலை போட்டு உட்காரும் வரிசை, கொக்கு என்றால் கொக்கு. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கே வந்து உட்காரும் ஒரு வெள்ளைப் பறவைதான் மனசில் வந்தது. நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று மறு வாரமே பெரியகுளத்துக்குப் பஸ் ஏறினேன்.

பெரியகுளத்தைத் தொட்டு, வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம் என்று இறங்கி வைகையில் சேரும் ஆற்றுக்கு வராகநதி என்று பெயர். வராகம் என்றால் பன்றி. நான் தேடிப் போன பெயரிலும் ஒரு பன்றி ஒளிந்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வாசகர் என்னை நேராக வரப்புக்குக் கூட்டிப்போனார். ஓரிடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “இங்க பாருங்க சார்” என்றார். வரப்பின் அடிவயிற்றில் கைப்பிடி அளவுக்கு ஈரமண் குவியல். பக்கத்து மண்ணெல்லாம் வெளுத்துக் காய்ந்திருக்க, இது மட்டும் கறுத்து மினுமினுத்தது. உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தமாம். வளைக்குள் போனதும் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு உண்டு. விரலால் மண்ணைத் தள்ளினார். கதிரோடு கடித்து இழுத்துப்போன நெல்தாள் ஒன்று நடைபாதையிலேயே கிடந்தது. உள்ளே தனி அறை வைத்து நெல்லைச் சேர்த்துக்கொள்ளும். இருளர்கள் வளையைத் தோண்டி எலியையும் பிடித்து, அது சேர்த்த நெல்லையும் எடுப்பது இதனால்தான். சாக்கடை ஓரத்திலும் குப்பைமேட்டிலும் திரிகிற பெரிய ஜாதி ஒன்று இருக்கிறது. அது ஒரு கிலோவை நெருங்கும். மடக்கினால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும்.

“பன்னி மாதிரி உறுமும் சார். அதான் பந்திகொக்கு.”

தெலுங்கில் பந்தி என்றால் பன்றி. கொக்கு என்றால் எலி. பன்றியெலி, அவ்வளவுதான். நம் பன்றி பேச்சில் பன்னி, மலையாளத்திலும் பன்னி, தெலுங்கில் பந்தி, கன்னடத்தில் ஹந்தி. பாலை ஹாலு என்றும் பல்லை ஹல்லு என்றும் சொல்கிறவர்களுக்குப் பன்றி ஹந்தியாவது நியாயம்தானே. இலங்கையில் சிங்களவர்களும் இந்த எலியை ஊரு மீயா என்கிறார்கள். அதற்கும் பன்றியெலி என்றே பொருள். நாம் பன்றியை விட்டுவிட்டு உருவத்தைப் பிடித்துக்கொண்டு பெருச்சாளி என்றோம், மலையாளிகள் பெருச்சாழி என்றார்கள். இந்தியில் இதன் பெயர் கூஸ். லஞ்சத்துக்கும் அங்கே அதே சொல்தான். ‘ஊழல் பெருச்சாளி’ என்று தலைப்புப் போடுகிற நம் செய்தியாளர்களுக்கு இது தெரிந்தால் சந்தோஷப்படுவார்கள்.

தெலுங்கு நாட்டில் வியாபாரம் செய்த வெள்ளைக்காரர்கள் கிடங்குகளில் இந்த எலியைப் பார்த்து, ஊர்க்காரர்கள் சொன்ன பெயரைத் தங்கள் நாக்குக்கு ஏற்ற மாதிரி பாண்டிகூட் ஆக்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது. இந்திய-ஆங்கிலச் சொற்களுக்கென்று 1886-இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, இது தெலுங்குச் சொல், பன்றியெலி என்று பொருள் என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்; சரஸ்வதி மகால் நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவரும் அவர்தான்.

பெயர் கப்பலேறியது அந்த அகராதிக்கு ரொம்ப முன்னால். சிட்னியில் ஆங்கிலேயர்கள் குடியேறியது 1788-இல். கல்கத்தாவிலிருந்து அரிசியும் சாராயமும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் அங்கே போய்வந்த காலம். 1799-இல் ஜார்ஜ் பாஸ் என்ற கப்பல் மருத்துவர், தென்கோடிக் கடற்பகுதிகளைச் சுற்றிப் பார்த்து எழுதும்போது, அங்கிருந்த ஒரு பிராணியைப் பாண்டிகூட் என்று குறித்தார். அது எலியே அல்ல. கங்காருவின் தூரத்துச் சொந்தம். குட்டியைப் பையில் வளர்க்கும். அந்தப் பையின் வாய்கூடப் பின்பக்கம் திறந்திருக்கும், தோண்டும்போது குட்டிமேல் மண் விழக் கூடாதல்லவா? ஆனால் தரையோரம் முகர்ந்துகொண்டு மண்ணைப் பறிக்கிற ஒன்றுக்குக் கைவசம் இருந்த பெயரை ஒட்டிவிட்டார். வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையைச் செத்துப்போன மாமாவின் பெயரால் கூப்பிட்ட மாதிரி.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயமே பிடிபட்டது. சொல்லைக் கடன் வாங்கும்போது சத்தம் மட்டும்தான் எல்லை தாண்டுகிறது. பொருள் பிறந்த ஊரிலேயே நின்றுவிடுகிறது. பாஸின் காதுக்குப் பாண்டிகூட்டில் பன்றியும் கிடையாது, எலியும் கிடையாது, வெறும் மூன்று அசை. காலிப் பாத்திரத்தில் எதையும் ஊற்றலாம். இதற்கு அத்தாட்சி வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் ஒரு ஜாதி பாண்டிகூட்டுக்கு முன்னங்கால் குளம்பு மாதிரி இருந்ததால், ‘பன்றிக்கால் பாண்டிகூட்’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். பன்றிக்கால் பன்றியெலி! ஒரே பெயரில் இரண்டு பன்றி இருப்பது வைத்தவர்களுக்குத் தெரியவே இல்லை. பாவம், அந்த ஜாதி போன நூற்றாண்டில் பூண்டோடு அழிந்துவிட்டது. லத்தீன் மட்டும் நியாயமாக நடந்துகொண்டது. 1873-இல் ஜான் எட்வர்ட் கிரே ‘பாண்டிகோட்டா’ என்ற பேரினப் பெயரை நம் ஊர் எலிக்கே கொடுத்தார்.

ஆஸ்திரேலியர்கள் அந்தப் பெயரை வினைச்சொல்லாகவும் ஆக்கிவிட்டார்கள். உருளைக்கிழங்குச் செடியின் தழை கலையாமல், அடியில் கைவிட்டுக் கிழங்கை மட்டும் திருடிப் போவதற்குப் ‘பாண்டிகூட்டிங்’ என்று பெயர். இதைச் சொன்னபோது வாசகர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனைக்கொன்றான் கதையும் இந்த வகைதான். அனகோண்டா என்றதும் நமக்கு அமேசான் காடு நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தப் பெயரை ஐரோப்பியர்கள் முதலில் எழுதிக்கொண்டது இலங்கைப் பாம்புக்கு; ஜான் ரே 1693-இலேயே இலங்கைப் பெயர் என்று குறித்துவிட்டார். தமிழ் ‘ஆனைக்கொன்றான்’தான் மூலம் என்று ஒரு கட்சி, சிங்கள ‘ஹெனகந்தயா’ என்று இன்னொரு கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும், இன்று அந்தப் பெயரைச் சுமக்கிற பாம்பு இலங்கைப் பக்கம் தலைகாட்டியதே இல்லை.

இதற்கு நேர்மாறான கடனும் உண்டு. ஒட்டகத்தின் கழுத்து, சிறுத்தையின் புள்ளி என்று கிரேக்கர்கள் ஒரு விலங்குக்கு இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். பாரசீகத்தார் நடுவில் ஒரு மாட்டையும் செருகினார்கள். நாம் சத்தத்தை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்து, ஒட்டகச்சிவிங்கி என்றோம். அந்தப் பெயரை இன்னொரு விலங்குக்கு மாட்டிவிட முடியுமா? ஒட்டகமும் சிவிங்கியும் உள்ளே உட்கார்ந்துகொண்டு விடமாட்டா.

பாண்டிகூட் ஊர் திரும்பிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1996-இல் ‘க்ராஷ் பாண்டிகூட்’ என்ற வீடியோ கேம் வந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது ஆரஞ்சு நிறத்தில் குதிக்கும் ஒரு பொம்மை. 2018-இல் திருவனந்தபுரத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனத்து இளைஞர்கள், பாதாளச் சாக்கடைக் குழியில் மனிதர் இறங்காமலே கழிவை அள்ளும் இயந்திரம் ஒன்றைச் செய்தார்கள். அதற்குப் பெயர் பாண்டிகூட். வீட்டில் பெருச்சாழி என்று சொல்கிறவர்கள்தான், ஆனாலும் ஆங்கில வழியாக வந்த தெலுங்குப் பெயரை வைத்தார்கள். நம் கும்பகோணத்திலும் கோவையிலும் அந்த இயந்திரம் வேலைக்கு இறங்கியது. சாக்கடை எலியின் பெயர் உலகத்தைச் சுற்றிவிட்டுச் சாக்கடைக்கே வந்து சேர்ந்தது.

இனி அந்த ஆஸ்திரேலியப் பிராணியை ‘பாண்டிகூட்’ என்றே எழுதுவதென்று அலுவலகத்தில் முடிவு செய்திருக்கிறோம். மெய்ப்புப் பார்ப்பவர் மட்டும், “பாண்டிக்கூட்டுன்னா மதுரைப் பக்கம் செய்யிற கூட்டுன்னு நினைப்பாங்களே” என்று முனகினார். நினைத்தால் நினைக்கட்டும். சென்ற இதழை வைத்திருப்பவர்கள் 31-ஆம் பக்கத்துப் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் வாசகரின் வீட்டில் காப்பி குடித்தேன். திண்ணையில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். வீட்டில் எல்லோருக்கும் அவர் அவ்வா. நான் செல்போனில் அந்த ஆஸ்திரேலியப் படத்தைக் காட்டி, “அவ்வா, இங்கிலீஷ்காரங்க இதையும் பந்திகொக்குன்னுதான் சொல்றாங்க” என்றேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

“இதுல பந்தி எங்கப்பா இருக்கு?” என்றார். “மூக்கப் பாரு, மூஞ்சூறு கணக்கா.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “ஏப்பா, அந்த ஊர்லயும் நெல்லு போடுறாகளா?”

அன்புடன்,
ஆசிரியர்