அறிவிப்பினால் அடைபடுமா கடன்?

ஜனாஸாத் தொழுகைக்காக அணிகள் சீராகி நிற்கும் வேளையில், இறந்தவரின் மைந்தர்களுள் ஒருவர் முன்வந்து, “வாப்பாவுக்கு யாரேனும் கடன் கொடுத்திருந்தால் எங்களைச் சந்தியுங்கள், வேறு குறையிருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள்” என்று அறிவிப்பது நம் ஊர்களில் வழக்கம். நல்ல வழக்கம்தான். அதனை நாம் குறை கூறவில்லை. அந்த ஒற்றை அறிவிப்போடு தந்தையின் கடன் தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, மறுவாரமே பாகப்பிரிவினைக்கு அமரும் மனப்போக்கையே குறை கூறுகிறோம்.

அவ்வறிவிப்பு யாருடைய செவியில் விழுகிறது? மகளின் திருமணத்துக்கெனச் சேர்த்த பணத்தைக் கைமாற்றாகக் கொடுத்த அடுத்த தெருக் கைம்பெண் அந்த அணியில் இல்லை. மாதக்கணக்கில் அரிசியும் பருப்பும் பற்றெழுதிக் கொடுத்த பலசரக்குக் கடைக்காரர் பிற சமயத்தவராயின், அவரும் அங்கு இல்லை. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையிலுள்ள கடைச் சிப்பந்தி ஒருவேளை இருக்கலாம். முதலாளியின் மய்யித்துக்கு முன்னால் அவருக்கு வாய் எழுமா? கொடுத்தவரே நம்மைத் தேடி வரட்டும் என்பது, நம் கடமைச் சுமையை அவர் தலையில் ஏற்றுவதாகும்.

திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்தில் 11, 12 ஆகிய வசனங்கள் வாரிசுகளின் பங்குகளை வகுக்கின்றன. அவ்விரு வசனங்களுக்குள்ளேயே, மரண சாசனமும் கடனும் போக எஞ்சியதில்தான் பங்கு என்னும் நிபந்தனை நான்கு முறை திரும்பத் திரும்ப வருகிறது. சட்ட மேதைகள் வகுத்த வரிசையும் யாவரும் அறிந்ததே. முதலில் கபனடக்கச் செலவு, அடுத்துக் கடன், அதன்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்து, இறுதியிலேயே வாரிசுரிமை. கடனைத் தீர்க்காமல் வீட்டையும் தோப்பையும் அளந்து பங்கிடுவோர் பிறர் பொருளையே பங்கிடுகின்றனர். இதனைச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

மூன்று தீனார் கடன் வைத்து, அதனைத் தீர்க்க ஏதும் விட்டுச் செல்லாமல் இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல், தோழர்களைத் தொழுதுகொள்ளச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பின்னரே முன்னின்று தொழுவித்தார்கள். புகாரியில் பதிவான இந்நிகழ்ச்சியை மிம்பர்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வெளியே வந்து, மூன்று இலட்சத்தையும் மறந்துவிடுகிறோம்!

அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. ஹிஜ்ரி 36ஆம் ஆண்டில் கொல்லப்பட்ட ஸுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்களிடம் மக்கள் பொருளை அமானிதமாக ஒப்படைக்க வருவார்கள். அதனை அவர்கள் கடனாகவே ஏற்றுக்கொள்வார்கள். தொலைந்துபோனாலும் கொடுத்தவருக்கு இழப்பு வரலாகாது என்பதே காரணம். அவ்வாறு சேர்ந்த கடன் 22 இலட்சம். மைந்தர் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் கணக்கெடுத்தார்கள்; தந்தையார் 1,70,000க்கு வாங்கிய காபா என்னும் நிலத்தை 16 இலட்சத்துக்கு விற்றார்கள்; கடன்களை அடைத்தார்கள். உடனே உடன்பிறந்தோர் பங்கு கேட்டனர். அப்துல்லாஹ்வோ மறுத்துவிட்டார்கள். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில், ஸுபைர் மீது கடனுரிமை உடையவர் வந்து பெற்றுக்கொள்ளலாமென அறிவித்தார்கள். யாரும் எஞ்சவில்லை என்று தெளிந்த பின்னரே சொத்தைப் பங்கிட்டார்கள்.

தெரிந்த கடனையெல்லாம் தீர்த்த பிறகு, தெரியாத கடனுக்காக நான்கு ஆண்டுக் காத்திருப்பு! நாமோ தெரிந்த கடனையும் தீர்க்காமல், ஒரே ஒரு முறை அறிவித்துவிட்டுப் பத்திரம் எழுத ஓடுகிறோம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. கடனுக்குரிய ஒருவர் அந்த வீட்டிலேயே இத்தாவில் அமர்ந்திருக்கிறாரே, அவரை நினைத்தோமா? கொடுக்கப்படாத மஹர், கணவரின் சொத்தின் மீதுள்ள கடன். மனைவிக்குரிய எட்டில் ஒரு பங்கு வேறு, மஹர் வேறு. பங்கைக் கொடுத்துவிட்டு மஹரை மறைப்பது தாயை ஏமாற்றுவதே. “உம்மா மன்னித்துவிட்டார்” என்பார்கள். கணவரின் உடல் கிடத்தப்பட்டிருக்க, சுற்றிலும் உறவினர் நிற்க, அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் கேட்டுப் பெறுவதா மன்னிப்பு? மஹருக்கு ஈடாகத் தம் கைவசமுள்ள கணவரின் சொத்தை, அத்தொகை கிடைக்கும்வரை கைம்பெண் வைத்துக்கொள்ளலாமென 1925ஆம் ஆண்டில் மைனா பீபி வழக்கில் பிரிவி கவுன்சிலே ஏற்றுக்கொண்டது. நீதிமன்றம் ஒப்பிய உரிமையைப் பெற்ற பிள்ளைகள் மறுக்கலாமா?

வேறு சிலர் சட்டத்தின் பின்னே ஒளிகின்றனர். “எழுத்து இல்லை, இருந்தாலும் மூன்றாண்டு கடந்துவிட்டது, காலாவதி” என்கின்றனர். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கைக்கடனுக்குப் பொதுவாக மூன்றாண்டு எல்லை வைத்திருப்பது உண்மையே. ஆனால் அச்சட்டம் அடைப்பது நீதிமன்றத்தின் வாசலை மட்டுமே. கடன் அதனால் மாண்டுவிடுவதில்லை. காலங்கடந்த கடனைத் தீர்ப்பதாக எழுதிக் கையொப்பமிட்டால் அவ்வாக்கு செல்லுமென 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே கூறுகிறது. மனிதர் இயற்றிய சட்டமே கடன் உயிரோடிருப்பதாகக் கருதுகையில், மஹ்ஷரை நம்பும் நாம் அதற்குக் காலாவதி கற்பிப்பதா?

கடன் நிலுவையில் இருக்க, நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு ஆடு அறுத்து ஊரழைத்து நெய்ச்சோறு போடுவோரை என்னென்பது? அந்தச் சஹனில் கைவைப்போருள் கடன் கொடுத்தவரும் இருப்பார். அவர் உண்பது அவருடைய பணத்தையே!

தந்தை ஏதும் விட்டுச் செல்லவில்லையெனில், மகன் தன் சொந்தப் பொருளிலிருந்து அடைக்கச் சட்டப்படி கட்டுப்பட்டவனல்லன். வாரிசின் பொறுப்பு, வந்த சொத்தின் அளவோடு நிற்கிறது. ஆயினும் அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்த மய்யித்துக்கு மகனல்லர் என்பதை நினைவூட்டுகிறோம். வெற்றிகள் வந்து பொருள் சேர்ந்தபோது, கடனோடு இறந்தோரின் கடனை நபிகளார் (ஸல்) அவர்களே ஏற்றார்கள். பள்ளிவாசல் மினாராவுக்கு நிதி திரட்டும் நம் ஜமாஅத்துகள், ஏழை மய்யித்தின் கடனுக்கென ஒரு சிறு நிதி வைத்தால் என்ன?

நாம் கோருவது இவ்வளவே. அடக்கம் முடிந்த வாரத்திலேயே கடைச் சிட்டைகளையும் பற்றுவரவு ஏடுகளையும் புரட்டுங்கள். தந்தை வாங்கிப் பழகிய கடைகளுக்கும் நண்பர் வீடுகளுக்கும் நீங்களே நடந்து சென்று கேளுங்கள். தாயின் மஹரை நிக்காஹ் பதிவேட்டில் பார்த்து முதல் வரியில் எழுதுங்கள். அந்தப் பட்டியல் முழுதும் அடிக்கப்படும்வரை எந்த முத்தவல்லியும் பாகப்பிரிவினைக்குச் சாட்சிக் கையொப்பம் இட வேண்டாம். துஆவில் வாப்பாவுக்கு மன்னிப்புக் கேட்கும் பிள்ளைகள், வாப்பாவிடம் வாங்க வேண்டியவரின் வாசலுக்கும் ஒரு முறை போய் வரட்டும்.