சங்கத்து நூலகமும் கைபேசியும்

நமது சங்கக் காரியாலயங்களில் நூல் அலமாரி ஒன்று இருப்பதை அங்கத்தினர் பலரும் அறிவர். அதன் சாவி யாரிடம் உள்ளது என்பதை அறிந்தவர் சிலரே. (நெசவாளர் நூல் என்றதும் சிட்ட நூலை எண்ணக்கூடும், நாம் சொல்வது புத்தகங்களை.) ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் புத்தக இருப்புப் பதிவேடு செம்மையாகவே இருக்கிறது. இரவல் பதிவேட்டில்தான் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

இதற்காக அங்கத்தினரைக் குறை கூறுவது நியாயமன்று. ஒரு சாயக் கலவையின் அளவை அறியத் தறியை விட்டுக் காரியாலயம் வந்து போனால் அரை நாள் கூலி போய்விடும். நடவு வேளையில் விவசாயிக்கும் அதே கதிதான். வாசகரின் காலத்தை மிச்சப்படுத்துவதை நூலகத்தின் ஐந்து விதிகளுள் ஒன்றாகச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இலேயே வகுத்தார். அதற்கான சாதனம் இன்று அங்கத்தினரின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆனால் சங்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கப் படங்கள் வருகின்றன. அலமாரிப் புத்தகங்களின் பட்டியல் வரக் கண்டிலோம்.

பட்டியலை முதலில் அனுப்புக. வேண்டியதை அங்கத்தினர் குரல் பதிவாகவே கேட்கலாம். எழுதப் பழகாத முதியோருக்கு அதுவே எளிது. எழுத்தர் உரிய பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பலாம். மாவட்டந்தோறும் செய்தி திரட்டி நூல்களாக்கிய சோமலெ (1921–1986) பிறந்த நெற்குப்பையில் அவர் நினைவாக நூலகம் இருக்கிறது. சுற்று வட்டாரச் சங்கங்கள் தம்மிடம் இல்லாத புத்தகம் அங்கே உண்டா என்று நேரில் செல்லுமுன் கேட்டறியலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ பழைய நூல்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒன்றை வற்புறுத்த விரும்புகிறோம். அனுப்பும் பக்கத்துடன் புத்தகத்தின் பெயரும் அச்சான ஆண்டும் சேர்ந்தே செல்ல வேண்டும். எண்டோசல்பான் என்னும் பூச்சிக்கொல்லியின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் உச்ச நீதிமன்றம் 2011இல் தடை விதித்தது. அதற்கு முந்திய சாகுபடிக் கையேடுகளில் அம்மருந்தின் பெயரும் அளவும் அச்சிட்டபடியே இருக்கும். புத்தகத்தைக் கையிலெடுப்பவர் முதல் பக்கத்தைப் புரட்டி ஆண்டைக் காண்பார். கைபேசியில் வந்த ஒற்றைப் பக்கத்துக்கு முதல் பக்கம் ஏது? அது குழுவிலிருந்து குழுவுக்குப் பரவிய பின் திரும்பப் பெறுவதும் இயலாது. பிறர் அனுப்பியதை அப்படியே மேலும் அனுப்புவதை எழுத்தர்கள் அறவே விட்டொழிக்க வேண்டும்.

கேள்வியையும் விடையையும் ஒரு நோட்டில் எழுதி அலமாரியருகே வைப்பதும் அவசியம். குழுச் செய்தி மறுநாளே கண்மறைவாய்ப் போகிறது. கைபேசி இல்லாத அங்கத்தினருக்கோ அது வருவதே இல்லை. அவர்களும் சந்தா செலுத்துகிறவர்கள்தாமே!

இவ்வேலைக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும் என்பது நமது அபிப்பிராயம். அந்நேரத்தை நிர்வாகக் குழுவினர் எழுத்தரின் அலுவல் நேரத்திலேயே ஒதுக்கித் தர வேண்டும். இரவு பத்து மணிக்கு வரும் கேள்விக்கு வீட்டிலிருந்தே விடை எழுதும்படி அவரை எதிர்பார்க்கலாகாது.