வட்டக்கானலும் வாட்ஸ்அப் வதந்திகளும்

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலை அடுத்துள்ள சிற்றூர் வட்டக்கானல். இஸ்ரேலிய இளைஞர்கள் பலர் வந்து தங்குவதால் அதனைச் 'சின்ன இஸ்ரேல்' என்றும் அழைப்பர். 2016 அக்டோபரில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் கனகமலையில் சிலரைத் தேசியப் புலனாய்வு முகமை கைது செய்தது. ஐ.எஸ். சிந்தனையில் சிக்கிய அவர்கள், வட்டக்கானலுக்கு வரும் யூதப் பயணிகளையும் தாக்கத் திட்டமிட்டனர் என்பது குற்றச்சாட்டு. 2019 நவம்பரில் கொச்சி சிறப்பு நீதிமன்றம் ஆறு பேருக்குத் தண்டனை விதித்தது.

மலை காண வந்த ஒருவரை, யூதர் என்பதற்காகவே எதிரியாகக் கருதும் மனநிலை திடீரெனப் பிறப்பதில்லை. கதைகளே அதனை வளர்க்கின்றன. யூதர்கள் கூடி உலகை ஆளச் சதி செய்வதாகக் கூறும் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' 1903இல் ரஷ்ய நாளேடு ஒன்றில் வெளியானது. அதன் பல பகுதிகள், மூன்றாம் நெப்போலியனைச் சாடிய 1864ஆம் ஆண்டு பிரெஞ்சு நூலிலிருந்து திருடப்பட்டவை என்பதை 1921இல் லண்டன் 'டைம்ஸ்' நிறுவியது. மூல நூலில் யூதர்களைப் பற்றிய பேச்சே இல்லை. பொய் என அம்பலமான பின்னரும் நாஜிகள் அதனைப் பரப்பினர்.

இத்தகைய பொய்யின் வலியை நாம் அறியாதவர்கள் அல்லர். 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸைக் காரணம் காட்டி, நோயைத் திட்டமிட்டுப் பரப்பும் சமுதாயம் என நம்மைத் தூற்றினர். காய்கறி விற்ற எளியவரும் அதற்குத் தப்பவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. யூதர் மீது சுமத்தப்பட்ட கதையின் அச்சிலேயே நம்மைப் பற்றிய கதையும் வார்க்கப்படுகிறது.

அவ்வாறிருக்க, 'எல்லாம் யூதச் சதி' என்னும் செய்தியை நம் குடும்பக் குழுக்களில் நாமே பகிரலாமா? பாலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டிப்பது நம் கடமை. ஓர் அரசின் செயலுக்காக ஓர் இனம் முழுவதையும் பழிப்பது நீதியன்று. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பதே அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் தரும் அறிவுரை. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்றவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்).

செய்தியை ஆராய்ந்து அறியுமாறு பணிக்கப்பட்டவர்கள் நாம். அடுத்த முறை அத்தகைய செய்தி வரும்போது அதனை நம்மோடு நிறுத்துவோம். ஏன் நிறுத்தினோம் என்பதை நம் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்போம்.