அடுத்த மாடல் வரும்வரை காத்திருக்கலாமா?

உட்துறைமுக வீதிப் பக்கம் சீமெந்து, கம்பி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு பிரச்சினையோடு வந்தார். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. கடையில் ஓடும் கன்டர் லொறி பழசாகி, மாதத்தில் பாதி நாள் கராஜில் நிற்கிறது. வேறொன்று எடுக்க வேண்டும். ஆனால், "விலை இன்னும் இறங்கும், அடுத்த வருட மாடலைப் பார்த்து எடுப்போம்" என்று ஒரு வருடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறார். இதற்கிடையில் மூத்த மகனுக்கு ஒரு ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரில் ஆசை வந்துவிட்டது. கொழும்பில் ஒன்றைப் பார்த்தும் வைத்திருக்கிறார். இப்போதுள்ள மாடலையே எடுப்பதா, அடுத்த வருட மாடல் வரும்வரை பொறுப்பதா என்பதுதான் வீட்டில் நடக்கும் வாதம்.

"நீங்க என்ன சொல்றீங்க காக்கா?" என்று கேட்டார்.

"காருக்கான காசு எங்கிருந்து வரப்போகுது?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

சற்றுத் தயங்கிவிட்டு, "கடையிலிருந்துதான்" என்றார்.

இந்த நண்பர் தனி ஆள் அல்லர். வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பின்னர், என்.சி. வீதியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள பல கடைகளில் இதே பேச்சுத்தான் நடக்கிறது. ஆகவே அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

மாடல் என்பது முடிவில்லாத வரிசை

கார் உற்பத்தியாளர்கள் வருடாவருடம் ஏதாவதொரு மாற்றத்தைச் செய்தே தீருவார்கள். விளக்கின் வடிவம் மாறும், இருக்கையின் தோல் மாறும், இயந்திரத்தின் வலு சற்றுக் கூடும். அதோடு விலையும் கூடும். நிஸான் ஜீ.டி.ஆர். இதற்கு நல்ல உதாரணம். 2007 டிசம்பரில் இன்றைய தலைமுறை இளைஞர்கள் அறிந்த அந்தக் கார் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதன் ஆரம்ப விலை 77 இலட்சத்து 70 ஆயிரம் யென். வலு 480 குதிரை வலு. அதன்பின் அநேகமாக ஒவ்வொரு வருடமும் திருத்தம் செய்து, வலுவை 570 வரை கொண்டு போனார்கள். 2025 ஆகஸ்டில் கடைசிக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறி உற்பத்தி நிறுத்தப்பட்டபோது, விலை 1 கோடியே 44 இலட்சம் யென்னைத் தாண்டியிருந்தது. 18 வருடங்களில் உற்பத்தியானவை சுமார் 48,000 கார்கள். "அடுத்த வருடம் எடுப்போம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவருக்குச் சிறந்த கார் கிடைத்திருக்கும். ஆனால் ஏறக்குறைய இரு மடங்கு விலை கொடுத்திருப்பார். இன்னும் ஒரு வருடம் பொறுத்திருந்தால் காரே கிடைத்திராது.

மறுபக்கமும் உண்டு. டொயோட்டா சுப்ரா 2019 இல் அமெரிக்காவில் மீண்டும் சந்தைக்கு வந்தபோது 335 குதிரை வலு. அவசரப்பட்டு முதலில் வாங்கியவர்கள் ஆசை தீர ஓட்டுவதற்குள், அடுத்த வருட மாடல் 382 குதிரை வலுவோடு வந்துவிட்டது. அங்கே ஒரு வருடம் பொறுத்தவர் இலாபம் கண்டார். அந்தக் காரும் 2026 மாடலோடு முடிவு என்று பின்னர் நிறுவனமே அறிவித்தது.

இன்ன மாற்றம் இன்ன மாதத்தில் வருகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால், அதற்காகப் பொறுப்பதில் நியாயம் உண்டு. "இதைவிட நல்லது வரும்" என்ற பொதுவான எண்ணத்தில் பொறுப்பதற்கு எல்லையே கிடையாது.

நமது நாட்டில் மாடல் மட்டுமா மாறுகிறது?

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் காத்திருப்பவருக்கு மாடலும் விலையும்தான் மாறுகின்றன. நமது நாட்டில் சட்டம், டொலர், வரி என்ற மூன்றும் சேர்ந்து மாறுகின்றன.

2019 இன் கடைசியில் "2020 மாடல் வரட்டும்" என்று இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காரணங்காட்டி வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி. ஒரு வருடம் காத்திருக்க நினைத்தவர்கள் ஏறக்குறைய ஐந்து வருடம் காத்திருந்தார்கள். இதற்கிடையில் 2022 மார்ச்சின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. பின்னர் இறங்கினாலும், இறக்குமதி திறக்கப்பட்டபோது 300 ரூபா அளவிலேயே நின்றது. 2020 இன் தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. இவற்றோடு சுங்க வரி, அதன்மேல் மேலதிக வரி, இயந்திரக் கொள்ளளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி, விலை கூடிய வாகனமானால் ஆடம்பர வரி என்று அடுக்கடுக்காகச் சேர்கின்றன. பெரிய இயந்திரம் கொண்ட ஸ்போர்ட்ஸ் காருக்கு இவை எல்லாமே உச்சத்தில் விழும்.

அவசரப்பட்டவர்களும் தப்பவில்லை. தடை இருந்த காலத்தில், இனி வாகனமே வராது என்று பயந்து, பழைய வாகனத்துக்குப் புதிய வாகனத்தின் விலையைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! 2022 இல் அந்த வாகனங்கள் பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்றதையும் நாம் பார்த்தோம். ஆகவே காத்திருப்பது புத்திசாலித்தனம், வாங்குவது மடமை என்றோ, அதற்கு மாறாகவோ பொதுச் சட்டம் எழுத முடியாது. ஒவ்வொரு வாகனத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

லொறிக்கு ஒரு கணக்கு

நண்பரின் லொறிக்குப் போட்டுப் பார்த்தோம். மாதத்தில் 12 நாள் வாடகை லொறி பிடிக்கிறார். சொந்த லொறியில் போவதைவிட நாளொன்றுக்கு 10,000 ரூபா அதிகம் போகிறது. மாதத்துக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். அவர் தள்ளிப் போட்ட ஒரு வருடத்தில் 14 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. சாமான் பிந்திப் போனதால் வேறு கடைக்குத் திரும்பிய கொந்தராத்துக்காரர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. விலை 5 இலட்சம் இறங்கும் என்று எதிர்பார்த்து, அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கை இழந்திருக்கிறார். கையிலிருந்து ஒரே தடவையில் போகாததால் இந்த நட்டம் அவர் கண்ணில் படவில்லை.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் எத்தனையோ வருடங்கள் பாதையில் ஏற்றித்தான் சாமானைக் கரை சேர்த்தோம். பாலம் வரப்போகிறது என்பதற்காகப் பாதையில் ஏறாமல் கரையில் நின்ற வியாபாரி எவரும் இல்லை. நின்றிருந்தால் கடை மூடியிருக்கும். உழைக்கும் வாகனத்துக்கும் இதுவே நியாயம்.

காருக்கு வேறொரு கணக்கு

மகனின் காருக்கு வருவோம். கடையிலிருந்து ஒரு கோடி ரூபாவை எடுத்தால் என்ன நடக்கும்? வங்கி வட்டிக் கணக்கு நமக்கு வேண்டாம், நமது வியாபாரக் கணக்கே போதும். அந்த ஒரு கோடி சீமெந்தாகவும் கம்பியாகவும் வருடத்தில் ஆறு தடவை சுற்றி வருகிறது. ஒரு சுற்றில் செலவு போக 4 வீதம் மிஞ்சினால், வருடத்துக்கு 24 இலட்சம். கார் வீட்டு வாசலில் சும்மா நின்றாலும் முதல் வருடத்தில் அதன் செலவு இதுதான். காப்புறுதி, பெற்றோல், டயர் எல்லாம் இதற்குப் புறம்பு. அத்தகைய காரின் உதிரிப்பாகம் திருகோணமலையில் கிடைக்காது. சுமார் 260 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்குப் போக வேண்டும். கடற்காற்றின் உப்பும் தன் வேலையைச் செய்யும்.

இந்தக் காருக்குக் காத்திருப்பதால் ஒரு சதமும் நட்டமில்லை. லொறிக்குக் காத்திருப்பதால் தினமும் நட்டம். நண்பரின் வீட்டில் இது தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. லொறியைத் தள்ளிப் போட்டார்கள், காருக்கு அவசரப்பட்டார்கள். மத்திய வங்கிகூட 2025 ஜூலையில் கடன் வரம்பை நிர்ணயித்தபோது வர்த்தக வாகனத்துக்குப் பெறுமதியில் 80 வீதம் வரையும் காருக்கு 60 வீதம் வரையும் என்று வேறுபடுத்தியே வைத்தது. உழைக்கும் வாகனம் வேறு, செலவழிக்கும் வாகனம் வேறு என்பதை அதுவும் அறியும்.

வாங்குவதென்றால்

வாங்கத் தீர்மானித்தவர்கள் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். நமது சந்தையில் பழைய வாகனம் பார்க்க வருபவர் முதலில் கேட்பது உற்பத்தி ஆண்டையும் பதிவு ஆண்டையும்தான். டிசம்பரில் எடுத்த வாகனம் ஜனவரியில் ஒரு வயது கூடியதாகக் கணக்கிடப்படும். எனவே வருடக் கடைசியானால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது சில வாரங்கள் பொறுங்கள். அந்தப் பொறுமைக்கு இலாபம் உண்டு. அடுத்து, 2025 இல் இறக்குமதி திறக்கப்பட்டபோது, கொண்டுவந்த வாகனம் 90 நாட்களுக்குள் பதிவாக வேண்டும், தவறினால் மாதந்தோறும் தண்டக் கட்டணம் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. வாகனத்தைத் தேக்கி வைக்க விற்பவருக்கு வழியில்லை என்றால், பேரம் பேசும் பலம் வாங்குபவர் பக்கம் இருக்கிறது. வாகனம் நாட்டுக்குள் வந்த திகதியை விசாரித்துவிட்டுப் பேசுங்கள். லீசிங்கில் எடுப்பவர்கள் வட்டியற்ற இஜாறா முறையிலும் விலை கேட்டு, கடைசித் தவணைவரை மொத்தமாகக் கட்ட வேண்டிய தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மாதத் தவணை சிறிதாகத் தெரிவது பல தடவைகளில் காலம் நீண்டதனால்தான்.

மகனின் ஆசையைக் குற்றமாகச் சொல்ல நான் வரவில்லை. இளம் வயதில் ஆசைப்படாமல் எப்போது ஆசைப்படுவது? நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: "லொறியை இந்த மாதமே எடுங்க. மகனையும் கூட்டிக்கொண்டு போய், விலை பேசுற வேலையை அவரிடமே விடுங்க. லொறி மிச்சம் பிடித்துத் தரும் காசை ஒரு தனிக் கணக்கில் அவர் பெயரிலேயே எழுதி வாங்க. அது காருக்குப் போதுமாகிற நாளில் எந்த வருட மாடல் சந்தையில் நிற்கிறதோ, அதுதான் அவருடைய மாடல்."

வாப்பாவும் மகனும் அதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். கணக்குக் கொப்பி இப்போது மகனின் கையில் இருக்கிறதாம். கடையின் முதல் ஒரு தடவை காராகிவிட்டால் அதைத் திரும்பச் சீமெந்தாக்குவது இலேசான காரியமில்லை என்பதை, அந்தக் கொப்பியே அவருக்குச் சொல்லிக் கொடுக்கும்.