சதுரங்கம் விளையாட்டாகுமா?



நம் பள்ளி விளையாட்டு விழாவின் பரிசளிப்பு மேடையில், ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் வென்றோருடன், சதுரங்கத்தில் வென்ற மாணவி ஒருத்தியையும் நிறுத்திக் கிண்ணம் வழங்கினோம். விழா முடிந்ததும் தந்தையார் ஒருவர் நம்மை அணுகி, "வாத்தியாரையா, வெயிலில் ஓடி வியர்வை சிந்திய பிள்ளைக்கும் கிண்ணம், நிழலில் உட்கார்ந்து காய் நகர்த்திய பிள்ளைக்கும் அதே கிண்ணமா? அதுவும் ஒரு விளையாட்டா?" என்று வினவினார். கதிரவன் எழுமுன் பால்மரக் காட்டில் இறங்கி உழைத்தவர் அவர். வியர்வையின் விலையை அறிந்தவர் எழுப்பிய வினாவை எளிதில் தள்ளிவிடுதல் முறையன்று. ஆகவே இம்மலரின் வாயிலாக விடை கூற விழைகிறோம்.

அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. சீட்டாட்ட வகைகளுள் ஒன்றான பிரிட்ஜ் பற்றிய வரி வழக்கொன்றில், உடலுழைப்பு மிகச் சிறிதே உள்ள ஆட்டம் விளையாட்டுக்குரிய சலுகையைப் பெறாது என 2017ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒலிம்பிக் பதக்கப் பட்டியலிலும் சதுரங்கம் இதுவரை இடம்பெறவில்லை.

ஆயினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 1924ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் தோன்றிய உலகச் சதுரங்கக் கூட்டமைப்பை, அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 1999ஆம் ஆண்டில் விளையாட்டு அமைப்பாக ஏற்றுக்கொண்டது. 2006இல் டோஹாவிலும், 2010இல் குவாங்சோவிலும், 2023இல் ஹாங்சோவிலும் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் சதுரங்கத்திற்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. பர்மாவில் பிறந்து 1961இல் இந்தியாவின் முதல் அனைத்துலக மாஸ்டரான தமிழர் மானுவேல் ஆரோன், விளையாட்டு வீரர்க்குரிய அர்ஜுனா விருதைப் பெற்றார். அந்நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதாகிய கேல் ரத்னாவை முதன்முதலில் பெற்றவர் ஹாக்கி வீரரும் அல்லர். கிரிக்கெட் வீரரும் அல்லர். சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தே ஆவார். நம் நாட்டிலும் பள்ளி விளையாட்டு மன்றங்கள் நடத்தும் போட்டிகளில் சதுரங்கம் இடம்பெறுகிறது.

இது நமக்குப் புதிய ஆட்டமும் அன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையே சதுரங்கம். மலாய் மொழியில் வழங்கும் 'சாத்தூர்' என்னும் சொல்லும் அதிலிருந்து வந்ததே. தமிழகத்துத் திருப்பூவனூரில் சிவபெருமான் 'சதுரங்க வல்லபநாதர்' என்னும் திருப்பெயரோடு எழுந்தருளியுள்ளார். தொல்காப்பியர் உவகை பிறக்கும் களங்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார்; உடலால் ஆடுவது, உள்ளத்தால் ஆடுவது எனப் பிரித்துக் கூறினாரில்லை. லயத்து வீடுகளின் முன்வாசலில் நம் பாட்டிமார் பல்லாங்குழி ஆடியதையும் நாம் விளையாட்டு என்றே அழைத்தோம்.

உட்கார்ந்து ஆடுவதால் உடலுக்கு வேலையில்லை என்று எண்ணுதலும் பிழையே. அனத்தோலி கார்ப்போவும் கேரி காஸ்பரோவும் 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் தொடங்கிய உலகப் பட்டப் போட்டி ஐந்து மாதங்கள் நீண்டது. 48 ஆட்டங்களுக்குப் பின்னரும் முடிவு காணாமல் 1985 பிப்ரவரியில் அது நிறுத்தப்பட்டது. ஆட்டக்காரர்களின் உடற்சோர்வே காரணமாகக் கூறப்பட்டது. கார்ப்போவ் கண்கூடாக மெலிந்திருந்தார். 2024 டிசம்பரில், நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலக வெற்றியாளரானார். 14 ஆட்டங்கள் நீண்ட அப்போட்டியின் இறுதி ஆட்டத்திலேதான் வெற்றி முடிவாயிற்று. அதுவரை சோராதிருக்க உடல்வலிமையும் வேண்டுமன்றோ?

காய் நகர்த்துவது சூதாகுமோ என அஞ்சுவோரும் உளர். சூதைக் கடிந்து ஓர் அதிகாரமே பாடினார் வள்ளுவர். ஆனால் சதுரங்கத்தில் பகடை இல்லை, பணயம் இல்லை. தொட்ட காயையே நகர்த்த வேண்டும். கடிகாரம் காட்டும் காலத்திற்குள் முடிவெடுக்க வேண்டும். தோற்றாலும் எதிராளியின் கையைக் குலுக்கி எழ வேண்டும். பிறர்மேல் பழிபோட அங்கே வழியில்லை. தன் பிழையைத் தானே ஏற்கும் அப்பயிற்சியைக் காட்டிலும் சிறந்த ஒழுக்கப் பாடத்தை நாம் அறியோம்.

இன்னொன்றும் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் ஓட்டத்தில் முந்த இயலாது. மூச்சிரைப்பால் ஓட முடியாத பிள்ளையும், நடக்க இடர்ப்படும் பிள்ளையும் நம் வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். ஆண்டுதோறும் கைதட்டும் கூட்டத்திலேயே நின்ற அப்பிள்ளைகளுக்கு, கைதட்டல் பெறும் மேடையும் உரியது என்று காட்டுதல் பள்ளியின் கடன்.

ஆயினும் ஒன்றை வற்புறுத்துவோம். சதுரங்கம் திடலுக்கு மாற்றாகாது. சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த குனோங் ராபாட் வட்டாரத்தில், தோட்டங்கள் இருந்த இடங்களில் வீடுகள் எழுந்துவிட்டன. பிள்ளைகள் ஓடியாடும் வெளி சுருங்கிவிட்டது. கைப்பேசித் திரையில் நள்ளிரவு வரை காய் நகர்த்திவிட்டு, "விளையாடினேன்" என்று பிள்ளை கூறுவதைப் பெற்றோர் ஏற்றல் ஆகாது. எதிரில் ஓர் ஆள், நடுவில் ஒரு பலகை, அதன்பின் திடலில் ஓர் ஓட்டம்: இதுவே நாம் விரும்பும் முறை.

எனவே அத்தந்தையாருக்கு நாம் கூறும் விடை இதுவே: ஐயா, சதுரங்கமும் விளையாட்டே. வரும் ஆண்டிலும் அதே மேடையில் அதே அளவுக் கிண்ணத்தையே வழங்குவோம். ஆனால் சதுரங்க மாணவர்களும் தத்தம் உடல்நிலைக்கேற்பத் திடலில் இறங்க வேண்டும். ஓட்ட வீரர்களும் பலகைமுன் அமர்ந்து பழக வேண்டும். மாலையில் ஒருநாள் தாங்களும் பள்ளிக்கு வந்து, தங்கள் பிள்ளையின் எதிரே அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். நெற்றியில் வியர்வை அரும்பாவிடின், மீண்டும் நம்மிடம் வினவுங்கள்.

வளர்க நம் மாணவர் உடலும் உள்ளமும்!

தலைமையாசிரியர்