கடிதத்தில் யார் பேரை எழுதுவது?



2022 ஜூலை மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபடியேதான் நம்மில் பலர் அந்தச் செய்திகளைக் கேட்டோம். 9ஆம் திகதி கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13ஆம் திகதி அதிகாலை கோட்டாபய ராஜபக்ச விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் போனார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து அவருடைய இராஜினாமாக் கடிதம் வந்தது. 15ஆம் திகதி சபாநாயகர் அதை அறிவித்தார். அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே கேள்விதான். அடுத்தது யார்?

அந்த நாட்களில்தான் படுவான்கரையில் ஒரு மாதர் குழுக் கூட்டம். பெற்றோல் இல்லை. சைக்கிளோடு குருக்கள்மடத்தில் பாதை ஏறி அம்பிளாந்துறையில் இறங்கினேன். பாதையிலும் அதே பேச்சு. ரணில்தான் என்றார் ஒருவர். சஜித் என்றார் இன்னொருவர். கூட்டத்திலும் சேமிப்புக் கணக்கைப் பார்க்காமல் இதையே பேசினோம். சமூகவியல் படித்தவள் என்ற நினைப்பில் நான் கொஞ்சம் கூடுதலாகவே பேசினேன்.

2007இல் மகனைத் தொலைத்த அம்மா ஒருவர் அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "புள்ள, நான் இனிக் கடிதாசியில ஆர்ர பேர எழுதுற?"

அவர் பையில் கடிதப் பிரதிகள் இருந்தன. முதலாவது மஹிந்த ராஜபக்சவுக்கு. அடுத்தது மைத்திரிபால சிறிசேனவுக்கு. மூன்றாவது கோட்டாபயவுக்கு. காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், விசாரணைக்குப் பிறகு மரணச் சான்றிதழ் கொடுக்கப்படும் என்று கோட்டாபய 2020 ஜனவரியில் ஐ.நா. அதிகாரியிடம் சொன்னார் அல்லவா? அதைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா அவருக்கு எழுதினார். "செத்திட்டான் எண்டு சொன்னவருக்குத்தானே அது எப்பிடித் தெரியும்? அவரத்தானே கேக்க வேணும்" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஜனாதிபதி இடையில் விலகினால் மக்கள் வாக்களிப்பதில்லை. மீதிக் காலத்துக்குரியவரைப் பாராளுமன்றமே இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்யும். 1993இல் பிரேமதாச கொல்லப்பட்டபோது டி.பி. விஜேதுங்க அப்படித்தான் போட்டியின்றி வந்தார். 2022 ஜூலை 20ஆம் திகதி போட்டி இருந்தது. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3 வாக்குகள். சஜித் முதல் நாளே விலகி டலஸை ஆதரித்தார். ரணில் 2020 தேர்தலில் தோற்று, கட்சிக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனத்தில் 2021இல் பாராளுமன்றம் வந்தவர். மூன்று வேட்பாளர்களும் ஆண்கள். வாக்களிக்க உரிமையுள்ள 225 பேரில் பெண்கள் 12 பேர்தான்.

யார் வந்தாலும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. 2021இல் ஒரே உத்தரவில் இரசாயன உரம் நின்றபோது, அடுத்த பெரும்போகத்தில் வயலில் என்ன மிஞ்சியது என்பது கதிர் பொறுக்கப் போனவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வாரம் நாம் பேரைத்தான் ஊகித்தோம். வருகிறவர் காணாமற்போனோர் விடயத்தில் என்ன செய்வார் என்று அந்தப் பாதையில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு நான் பிறகு சொன்னது இதுதான். பேர் வேண்டாம், "மேதகு ஜனாதிபதி அவர்கள்" என்று பதவியை மட்டும் எழுதுங்கள். பிரதியொன்றைக் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். அது 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. ஒரு ஜனாதிபதி விலகுவதால் அந்தச் சட்டம் இல்லாமல் போகாது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இடம் கொடாதவர்கள், ஆள் காணப்படவில்லை என்று பதியும் சான்றிதழைக் கேட்கவும் 2016இலிருந்து சட்டத்தில் இடமுண்டு. அந்த அலுவலகத்தில் நம்பிக்கை இல்லை என்கிற தாய்மாரை நான் குறை சொல்ல மாட்டேன். நம்பிக்கை இல்லாவிட்டாலும் கடிதம் கொடுத்ததற்கு அத்தாட்சி நம் கையில் இருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

3 வாக்குப் பெற்ற அநுர 2024 செப்டம்பரில் மக்களின் வாக்கால் ஜனாதிபதியானார். 2022இல் பாதையில் வந்தவர்களில் ஒருவரும் அவர் பேரைச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

அந்த அம்மாவின் பையில் இப்போது ஐந்து கடிதங்கள் இருக்கின்றன. கடைசி இரண்டிலும் பேர் இல்லை. அண்மையில் கண்டபோது பதிவுத் தபால் துண்டுகளை எடுத்துக் காட்டினார். பழைய துண்டுகளில் மை மங்கி, திகதி தெரியவில்லை. எல்லாவற்றையும் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். உங்களிடமும் அப்படி இருந்தால் இந்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.